பாட்டில் இல்லாத அடி

"என் வீரர்களின் வாயை எப்படி அடைப்பது? சீக்கிரம் சொல்லுங்கள்!"

தளபதி நெவேரியஸ் மூச்சிரைக்க வந்து நின்றார். முகமெல்லாம் செஞ்சாயம். ரோமாபுரியில் வெற்றி ஊர்வலத் தேரில் ஏறும் தளபதி அப்படித்தான் பூசிக்கொள்ள வேண்டும். கோட்டை வாசலில் நாலு வெள்ளைக் குதிரைகள் தயார். ஊரே தெருவில் திரண்டு கிடந்தது.

பத்துப் போர் ஜெயித்த மனிதர், ஒரு பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தார்.

ஆசான் டீமோன் செருப்பு வாரைக் கட்டிக்கொண்டிருந்தார். எதற்கெடுத்தாலும் தளபதி ஓடிவருவது இந்தக் கிரேக்கரிடம்தான்.

"என்ன செய்தார்கள்?"

"என்னைக் கிண்டல் பண்ணிப் பாட்டுக் கட்டியிருக்கிறார்கள்!"

"தேருக்குப் பின்னால் படை அப்படிப் பாடுவது உங்கள் ஊர் வழக்கம்தானே?"

"அடுத்த மாதம் தேர்தல், ஆசானே! தலைமைப் பதவிக்கு நிற்கிறேன். இதை ஊர் கேட்டால் என் கதை முடிந்தது. பாடுகிறவன் முதுகில் சவுக்கடி என்று உத்தரவு போடப்போகிறேன்."

"போடு. முதலில் பாடிக்காட்டு."

தளபதி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு முணுமுணுத்தார்.

"ஆத்தைப் பாத்து ஓடினாரு, எங்க தளபதி.
தலைக்கவசம் விட்டுப்புட்டு ஓடினாரு.
குதிரைக்கும் முன்னால ஓடினாரு..."

டீமோன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"மெட்டு பிரமாதம்! பொய்யா?"

"இல்லை. முதல் நாள் ஓடினேன். மறுநாள்தான் ஜெயித்தோம்."

"ஓடிப்போய் என்ன செய்தாய்?"

தளபதிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மரத்தடியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன்."

"யாரும் பார்க்கவில்லையா?"

"பார்க்காமல்? சுற்றிலும் எட்டாயிரம் பேர்!"

"சரி, அந்த அடியைப் பாடு."

"எந்த அடி?"

"நீ அழுத அடி."

"அப்படி ஓர் அடி பாட்டில்..."

நெவேரியஸ் பாதியில் நிறுத்தினார்.

வாசலில் எக்காளம் முழங்கியது. டீமோன் துள்ளி எழுந்தார்.

"நான் கிளம்புகிறேன். முன்னால் இடம் பிடிக்க வேண்டும்!"

ஊர்வலம் நகருக்குள் நுழைந்தது. உத்தரவு எதுவும் வரவில்லை. எட்டாயிரம் தொண்டைகள் பாட்டைப் பிடித்தன. ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

மூன்றாவது அடி முடிந்து அவர்கள் மூச்சு வாங்கிய நேரம், தேரிலிருந்து ஒரு கரகரத்த குரல் எழுந்தது.

"மரத்தடியில குந்திக்கிட்டு அழுதாரு, எங்க தளபதி..."



பின்னால் வந்த படையின் முன்வரிசையிலிருந்து ஒரு சிப்பாய் கத்தினான்.

"அதை நாங்க யாருமே பாக்கலீங்க, தளபதி!"