பெருக்கல் குறி போட்ட நாலு டிஸ்க்குகள்

"டீச்சர், இந்தக் கடையில ஒண்ணு தவசி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

சாயங்காலம் வடிவின் மேஜைக்கு வந்ததும் வராததுமாகக் கோமதிநாயகம் இப்படித்தான் ஆரம்பித்தார்.

மனுஷனுக்கு வயது ஐம்பத்திரண்டு. கம்ப்யூட்டர் வேலை அவருக்குப் பழக்கிக் கொடுத்தது வடிவு. அவரைவிட இருபது வயது சின்னவள். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். கோவில்பட்டியில் ஒரு மருந்துக்கடை மாடியில் எங்கள் சர்வீஸ் கடை. மூன்றாவது மேஜையில் பிரிண்டர் பார்க்கிறவன் நான்.

வடிவு கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

பத்து நாளில் நாலு ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டதாம். விண்டோஸ் ஏற்றலாம் என்று உட்கார்ந்தால், ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று திரையில் வருகிறதாம். வாடிக்கையாளர் கொடுத்த நல்ல டிஸ்க்கை யாரோ எடுத்துக்கொண்டு செத்ததை வைத்துவிடுகிறார்களாம். யாரோ என்ன யாரோ, தவசிதான். ஆயுத பூஜைக்கு மறுநாள் வேலைக்குச் சேர்ந்தான், அன்றைக்குப் பிடித்தது சனி என்றார்.

நாலு டிஸ்க்கும் பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. செத்த டிஸ்க்கை மறுபடி யாரும் மாட்டிவிடக் கூடாதென்று, லேபிள்மேல் மார்க்கரால் பெரிய பெருக்கல் குறி போடுவது எங்கள் கடை வழக்கம். நாலிலும் கோமதிநாயகம் போட்டிருந்தார்.

"ரசீதுல இருக்கிற நம்பரும் டிஸ்க்குல இருக்கிற நம்பரும் பார்த்தீங்களா அண்ணே?"

"பார்த்தேன். ஒண்ணாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"அதான் டீச்சர் எனக்குச் சந்தேகமே. ஸ்டிக்கரை உரிச்சு ஒட்டியிருக்கான்."

"வேற மேஜையில மாட்டிப் பார்த்தீங்களா?"

"என் கேபிள்ல தெரியாதது வேற எதுல தெரியப்போகுது?"

டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்க அவர் மாட்டும் சிவப்புக் கேபிள் அது. ஏழு வருஷமாக வைத்திருக்கிறார். வேறு யாரையும் தொட விட மாட்டார்.

மத்தியானம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தவசி கை கழுவப் போயிருந்தபோது, இவர் அவனுடைய சாப்பாட்டுப் பையை மேஜைமேல் கவிழ்த்தார். எலுமிச்சம்பழச் சோறு, மகளுக்கு வாங்கிய சளி மருந்து. அவ்வளவுதான் இருந்தது. தவசி திரும்பி வந்து பார்த்தான். எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்தான். சாப்பிடவில்லை.

நானும் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தவசியை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று ஐந்து மணிக்குள் சொல்லும்படி முதலாளி வடிவிடம் விட்டிருந்தார். இந்த வேலையை நம்பித்தான் தவசி குடும்பத்தோடு ஊர் மாறி வந்திருந்தான். கீழே மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்திருந்தான்.

வடிவு அலமாரியைத் திறந்து, கவர் பிரிக்காத புது டிஸ்க் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

கோமதிநாயகம் பிரித்து மாட்டினார். ஹார்ட் டிஸ்க் இல்லை என்றது திரை.

"இப்பல்லாம் கவரே டூப்ளிகேட்டா வருது. சப்ளை பண்றவனும் அவனுக்குக் கூட்டோ என்னமோ."

வடிவு தன்னுடைய கம்ப்யூட்டரை அணைத்தாள். மூடியைக் கழற்றி, காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்கை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"சூடு இருக்கா அண்ணே?"

"இருக்கு."

"மாட்டுங்க."

மாட்டினார். ஹார்ட் டிஸ்க் இல்லை.

அவர் திரையைப் பார்த்தார். டிஸ்க்கைப் பார்த்தார். பிறகு வடிவைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி அவளையே சந்தேகப்பட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வடிவுக்குக் கோபமே வரவில்லை.

"பூஜைக்கு மறுநாள் தவசி வந்தார், சரி. பூஜையன்னிக்கு நீங்க என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணுவாங்க? எல்லாரையும் போல மேஜையைத் துடைச்சேன். சாமானுக்கெல்லாம் சந்தனம், குங்குமம்..."

நிறுத்திக்கொண்டார்.

கேபிளைப் பிடுங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். அது அவருடைய செல்லக் கேபிள் அல்லவா, அதற்கு மட்டும் தாராளமாகவே வைத்திருக்கிறார். வெளியே துடைத்திருந்தார். முனைத் துளைக்குள் போன சந்தனம் அப்படியே காய்ந்து இறுகியிருந்தது. ஊசியால் குத்தினார். மேஜையில் மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது.

வடிவு தன் கேபிளைக் கொடுத்தாள். டப்பாவிலிருந்த டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக மாட்டினார். முதலாவது தெரிந்தது. இரண்டாவதும் தெரிந்தது. மூன்றாவதும் தெரிந்தது. நாலும் நன்றாகத்தான் இருந்தன.

"நானே போய்த் தவசியைக் கூட்டிட்டு வந்திடறேன்" என்று எழுந்தார்.

வடிவு கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். கொஞ்சம் பஞ்சையும் ஸ்பிரிட் பாட்டிலையும் அவர் முன்னால் வைத்தாள்.

"முதல்ல இந்தப் பெருக்கல் குறியை அழிங்க."

அழித்தார். பஞ்சு கறுத்தது. வேறு பஞ்சு எடுத்தார். விரல் கறுத்தது. லேபிள் ஊறி ஓரம் கிழிந்தது. குறி மங்கியதே தவிர, அங்கேயே இருந்தது. நாலிலும் அப்படித்தான்.

"டிஸ்க்கெல்லாம் நல்லா ஓடுது டீச்சர். ஆனா இது முழுசாப் போகலையே."

வடிவு கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தாக இரண்டு நிமிஷம் இருந்தது.

"அந்த நாலையும் கையில எடுத்துக்கிட்டுக் கீழ போங்க அண்ணே."