அக்கா சைஸ்

அங்கயற்கண்ணியிடம் சைக்கிள் பந்தயம் பழக வருகிறவர்கள் முதலில் பழகுவது அவருடைய கோபத்தை. ரேஸ் சைக்கிளுக்கு மணி கிடையாது. போடி சாலையில் அவர் குரல்தான் மணி.

அவருடைய பயிற்சிக் கொட்டகைச் சுவரில் ஒரு சிவப்பு சைக்கிள் பிரேம் தொங்கியது. சக்கரம் இல்லை, சீட் இல்லை. அதை ஓட்டித்தான் அவர் ஒரு காலத்தில் தோற்காமல் இருந்தார். சீடர்கள் கிளம்பும்போது அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள்.

“மாட்டி வைக்கத்தான் ஆணி அடிச்சேன், கும்பிட இல்ல” என்று அவர் கத்துவார். யாரும் கேட்டதில்லை. அவரும் அதைக் கழற்றியதில்லை.

அந்த பிரேமின் அளவு ஐம்பத்துநாலு சென்டிமீட்டர். சீடர்களுக்கு அவர் அக்கா. கொட்டகையில் அதற்கு வேறு பெயர்: அக்கா சைஸ். புதிதாக வருகிறவர் அக்காவோடு முதுகோடு முதுகு ஒட்டி நிற்க வேண்டும். தலை சமமாக இருந்தால் அக்கா சைஸ். இல்லாதவர்கள் கூடவோ குறையவோ வாங்கிக்கொள்வார்கள், கொஞ்சம் மனக்குறையோடு.

செவ்வந்திக்கு மனக்குறை இல்லை. முதல் நாளே அவள் தலை சமமாக நின்றது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலை, செவ்வந்தி பஸ்ஸில் வந்து இறங்கினாள். இடது முழங்கையில் கட்டு. போடிமெட்டு இறக்கத்தில் விழுந்துவிட்டாள். சைக்கிள் பிரேம் விரிசல் விட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்கான தேர்வுப் பந்தயம்.

அங்கயற்கண்ணி கொட்டகை வாசலில் அவரைக்கொடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஆடியில் விதைத்தது. பற்றிக்கொள்ள எதுவும் இல்லாமல் தரையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குச்சி நடச் சொல்லி எல்லோரையும் திட்டியாகிவிட்டது. ஒருவரும் நடவில்லை.

“அக்கா, ஆசீர்வாதம் பண்ணுங்க. புது பிரேம் எடுக்கப் போறேன். தேனி கடையில ஒண்ணே ஒண்ணு இருக்காம். மத்தியானம் வரைக்கும் எடுத்து வைக்கிறேன்னார். நாளைக்குக் கடை கிடையாது.”

“எதனால விழுந்த?”

“வளைவுல மணல்க்கா.”

“பிரேக் பிடிச்சியா?”

“பிடிச்சேன்.”

அங்கயற்கண்ணி கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். “பிரிட்டோ, டீ கொண்டா.”

பிரிட்டோவும் சீடன்தான். கொட்டகையிலேயே குட்டையான ஆள், நீளமான நாக்கு. எவர்சில்வர் டம்ளரைத் துண்டால் பிடித்துக்கொண்டு வந்தான். “கொதிக்குது, பாத்து. இன்னொரு கையும் போயிறாம.”

“வலது கையில வாங்குடி” என்றார் அங்கயற்கண்ணி.

செவ்வந்தி வாங்கினாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விளிம்பைப் பிடித்தன. மோதிரவிரலும் சுண்டுவிரலும் டம்ளரின் அடியைத் தாங்கின. ஆவி பறந்தது.

“என்ன கலர் எடுக்கப் போற?”

“சிவப்புதான்க்கா. உங்களோடது மாதிரியே.” அவள் பிரேமின் அழகைச் சொல்லத் தொடங்கினாள். கைப்பிடி, வெல்டிங், எடை. டம்ளரை மாற்றிப் பிடிக்கவே இல்லை.

அங்கயற்கண்ணி டம்ளரைத் தட்டிவிட்டார். அது உருண்டுபோய் அவரைக்கொடிமேல் நின்றது.

“விரலைப் பாரு.”

சுண்டுவிரல் சிவந்து கன்றியிருந்தது. செவ்வந்தி அதை யாருடையதோ போலப் பார்த்தாள்.

“எப்பலேருந்து?”

செவ்வந்தி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“சட்டைக்குப் பட்டன் போட முடியுதா?”

“அம்மா போட்டு விடுறாங்க.”

“மணல்! பிரேக் பிடிக்க விரல்ல உணர்ச்சி இல்லாமத்தான விழுந்த! இந்தக் கையை வச்சுக்கிட்டு மலையில எறங்கினியா? பின்னாடி ஒரு பஸ் வந்திருந்தா?”

“சொல்லியிருந்தா ஓட்ட விட்டிருப்பீங்களா?”

“விட்டிருக்க மாட்டேன்.”

“அதான் சொல்லல.” செவ்வந்தியின் குரலும் ஏறியது. “எல்லாம் பண்ணிப் பாத்தேன். சீட்டை முன்னாடி தள்ளினேன், முட்டி வலி வந்துச்சு. பின்னாடி தள்ளினேன், கை மரத்துப் போச்சு. தண்டால் எடுத்தேன். தோள் வலிக்க வலிக்கக் கைப்பிடியை எட்டிப் பிடிச்சேன். இன்னும் என்ன பண்ணணும்? நீங்களே சொல்லுங்க. என்ன பண்ணா கை எட்டும்?”

“கை எட்டணும்னு யாருடி சொன்னா?”

“உங்க சைஸ்தான! உங்களுக்கு எட்டுது. உங்க உயரம்தான் நானும். முதல் நாள் எல்லார் முன்னாடியும் முதுகோட முதுகு நின்னு, ‘ஒரே அளவுடி’ன்னு சொன்னது நீங்க!”

பிரிட்டோ சிரிக்க வாயைத் திறந்து மூடிக்கொண்டான்.

வழக்கமாக இந்த இடத்தில் அங்கயற்கண்ணி கத்துவார். கத்தாதது இன்னும் பயமாக இருந்தது. பிறகு கொட்டகையின் சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்தார்.

“உக்காரு.”

“எதுக்கு?”

“முதுகோட முதுகு உக்காருடி.”

செவ்வந்தி உட்கார்ந்தாள். “பிரிட்டோ, பம்பை எடுத்து ரெண்டு தலை மேலயும் வை.”

பிரிட்டோ காற்றடிக்கும் பம்பைக் கிடையாக வைத்தான். அது நிற்கவில்லை. அக்கா தலையிலிருந்து செவ்வந்தி தலைக்குச் சரிந்து, அவள் மடியில் விழுந்தது. மறுபடி வைத்தான். மறுபடி சரிந்தது.

“செவ்வந்தி, ஒனக்குக் கால்தான் உயரம்” என்றான் பிரிட்டோ. “இடுப்புக்கு மேல எம்புட்டு இருக்கியோ, அம்புட்டுத்தான் நானும்.”

“வாயை மூடு” என்றாள் செவ்வந்தி.

“நின்னா ஒரே அளவுன்னு சொன்னேன்ல” என்றார் அங்கயற்கண்ணி, முதுகைத் திருப்பாமலே. “சைக்கிள்ல நீ நிக்கிறியா, உக்கார்றியா?”

செவ்வந்தி பம்பைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

அங்கயற்கண்ணி பிரிட்டோவின் வண்டியை உருளையில் ஏற்றினார். நின்ற இடத்திலேயே ஓட்டிப் பழகும் உருளை அது. அவன் வண்டியின் அளவு ஐம்பத்தொண்ணு. சீட்டை உயர்த்தி, உயர்த்தி, செவ்வந்தியின் காலுக்குச் சரியாக வைத்து இறுக்கினார்.

“ஏறு.”

“இதுலயா?”

“என் வண்டியில ஏறினா கௌரவம் போயிருமோ?” என்றான் பிரிட்டோ.

ஏறினாள். கால் சுழன்றது. கை கைப்பிடியைத் தேடவில்லை; அங்கேயே இருந்தது. முழங்கை தானாக மடங்கியது. தோள் காதைவிட்டு இறங்கியது. உருளையின் சத்தம் மட்டும் கேட்டது.

நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

“கொக்கு குச்சி மேல உக்காந்த மாதிரி இருக்கும். சீட்டு மட்டும் உச்சியில நிக்கும்” என்றாள். “எல்லாரும் சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்.”

“நான் அதுக்கு இங்க வரல. உங்களை மாதிரி ஓட்டணும்னு வந்தேன். ரெண்டு பஸ் மாறி வந்தேன்.”

“என்னை மாதிரி ஓட்டவா? என்னை மாதிரி உக்காரவே ஒனக்கு ஒடம்பு இல்லையேடி!”

உருளை நின்றது. செவ்வந்தி இறங்கினாள். கண் கலங்கியிருந்தது, முகத்தில் அழுகை இல்லை.

“அப்ப அதை எதுக்கு அங்க வச்சிருக்கீங்க?” சுவரைக் காட்டினாள். “வந்தவங்க எல்லாம் அதைத்தான தொட்டுக் கும்பிடுறோம்? வேணாம் வேணாம்னு கத்துவீங்க. கழட்டினீங்களா? ஒரு நாளாச்சும் கழட்டினீங்களா? எங்க எல்லாருக்கும் தப்பு. உங்களுக்கு மட்டும் அது சுவத்துல இருக்கணும்!”

பிரிட்டோ மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தான்.

அங்கயற்கண்ணி சுவரிடம் போனார். பிரேமைத் தூக்கிக் கழற்றினார். போன வருஷத்துக் குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. பனியன் நுனியில் எச்சில் தொட்டு அதைத் தேய்த்து எடுத்தார். பெயின்டும் கொஞ்சம் உரிந்து வந்தது.

“அக்கா” என்றாள் செவ்வந்தி, வேறு குரலில். “கோபத்துல சொல்லிட்டேன்.”

“நானும் கோபத்துலதான் செய்றேன். தள்ளு.”

வாசலுக்குக் கொண்டுபோனார். கடப்பாரையால் மண்ணைப் பறித்தார். பின்சக்கரம் மாட்டும் கவைகள் இரண்டையும் குழிக்குள் இறக்கி, காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தினார். தரையில் கிடந்த அவரைக்கொடியைத் தூக்கி, சிவப்புக் குழாயில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். டம்ளரை எடுத்து பிரிட்டோவிடம் எறிந்தார்.

“இப்பச் சரியா இருக்கு” என்றார்.

செவ்வந்தி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சாலையில் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அதிலிருந்தவர்களும் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

“நின்னுக்கிட்டே இரு. கடைக்காரன் வேற யாருக்காச்சும் குடுத்துருவான்.”

செவ்வந்தி போனை எடுத்தாள். வலது கையால் அழுத்த முடியவில்லை. இடது கைக்கு மாற்றினாள்.

“அண்ணே, செவ்வந்தி பேசுறேன். அந்த ஐம்பத்துநாலு வேணாம்ண்ணே... ஐம்பத்தொண்ணு இருக்கா?... கலர் என்னவா இருந்தாலும் பரவால்ல.”

கடைக்காரர் என்னவோ கேட்டார். அவள் காது மடல் சிவந்தது.

“தங்கச்சிக்கு இல்லண்ணே. எனக்கு!” தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். “எனக்குத்தான்!”

கடைக்காரர் கிடங்கில் தேடிச் சொல்வதாகச் சொன்னார். அவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். நேரம் போனது. அங்கயற்கண்ணி கொடியின் இன்னொரு கிளையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“இருக்காம்” என்றாள் செவ்வந்தி கடைசியில். “பச்சை.”

“போய் எடு. தேர்வு அன்னிக்கு விரல் சரியாகலைன்னா நீ பந்தயம் கிளம்புற கோட்டுக்கே போகக் கூடாது. நானே உன் சக்கரத்தைக் கழட்டிருவேன்.”

“சரிக்கா.”

அவள் கிளம்பும்போது பழக்கத்தில் கை சுவர்ப் பக்கம் நீண்டது. அங்கே ஆணி மட்டும் இருந்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

பிரிட்டோவால் பொறுக்க முடியவில்லை. அவன் கையில் நாளைக்காக வாங்கி வைத்திருந்த சந்தனப் பொட்டலம் இருந்தது. வெறும் ஆணியைப் பார்த்தான், அவரைக்கொடியைப் பார்த்தான்.

“ஏக்கா, நாளைக்குப் பூஜை. எதுக்குத்தான் பொட்டு வைக்கிறது?”

அங்கயற்கண்ணி திரும்பவில்லை.

“அவ கைக்கு வை.”