உறைமோர்

கேள்வி கேட்கப் போகிறவர் முகத்தில் கொஞ்சம் குழப்பமாவது இருக்க வேண்டும். சென்னியப்பன் முகத்தில் அது மருந்துக்கும் இல்லை. அறுபதை நெருங்கும் மனிதர், நரைத்த மீசையைத் தடவிக்கொண்டு, பரிசு வாங்கப் போகிறவர் போலக் கரட்டுக் குன்றின் மேல் ஏறினார்.

மேலே ஓலைச் சாளையில் இருந்தவள் பெயர் மயிலாத்தாள். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வேலையை விட்டுவிட்டு, கரண்டுக் கம்பியும் குழாய்த் தண்ணீரும் எட்டாத அந்தக் கரட்டில் வெகுகாலமாகக் குடியிருக்கிறாள். சென்னியப்பனைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். யார் குரு, யார் சீடர் என்று வெளியாளுக்குப் புரியாது. அவர்கள் இருவருக்கும் அதில் சந்தேகமே இல்லை.

சென்னியப்பன் ஈரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். ஒருமுறை கரட்டுக்கு வந்து மயிலாத்தாளைப் பார்த்துவிட்டுப் போன பிறகு கடையில் இருப்புக்கொள்ளவில்லை. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கரட்டுக்குக் கீழே சும்மா கிடந்த தன் மேட்டாங்காட்டில் சாளை போட்டுக்கொண்டார். கையில் காசு சொற்பம்தான். ஆனால் கை சும்மா இருக்கிற கை இல்லை.

மனைவி தைலாயி மட்டும் வரவில்லை. திருப்பூரில் மகள் வீட்டில் இருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை வர்றாளுங் டீச்சர்" என்றார் சென்னியப்பன். "வந்து பாப்பாளாம். புடிச்சா இருப்பாளாம். இல்லீன்னா மத்தியான பஸ்ஸுக்கே திரும்பிருவாளாம். அப்பறம் கூப்பிடவே கூடாதுன்னு சொல்லிப்போட்டா."

"அவங்களுக்கு என்ன கவலைங்ணா?"

"அக்கம்பக்கம் எப்பிடீன்னு கேட்டா. நமக்கு எதுக்கு அக்கம்பக்கம், எல்லாமே நம்மகிட்ட இருக்குதுன்னு சொன்னேன். ஒடனே போனை வெச்சுட்டா."

மயிலாத்தாள் தலையாட்டினாள்.

"மழைத்தண்ணிக்குத் தொட்டி கட்டிட்டேன். வெளிச்சத்துக்கு சோலார் தகடு. சாணி கேஸ்ல அடுப்பு எரியுது. கம்பு, அவரை, மொளகா எல்லாம் காட்டுலயே. மாடு கன்னு போட்டுருச்சு, பாலுக்கும் பஞ்சமில்லை. இந்த ஒரு வருசத்துல ஒருத்தர்கிட்டயும் கை நீட்டல. இன்னும் என்ன குறைன்னு நீங்கதான் சொல்லோணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள செஞ்சு போடறேன்."

குறை ஒன்றும் இல்லை என்று சொல்வாள் என்றுதான் அவர் வந்ததே.

"உங்க மாட்டுப் பால்ல தோஞ்ச தயிர் ஒரு சொம்பு கொண்டாங்ணா" என்றாள் மயிலாத்தாள். "கடையில வாங்க வேண்டாம்."

இவ்வளவுதானா என்று சிரித்துக்கொண்டே இறங்கினார். பாலைக் காய்ச்சி, ஆற வைத்து, மூடி போடும்போதுதான் உறைத்தது. உறைமோர் இல்லை. வெறும் பால் எத்தனை நாள் இருந்தாலும் திரிந்துதான் போகும். உறைமோருக்கு அடுத்த வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டும். இந்த உலகத்தில் யார் வீட்டுத் தயிருக்கும் அதுதான் வழி.

ஆனால் மோட்டார் காயில் கட்டியவரிடம் மாற்று வழியா இருக்காது? நாலு மிளகாய்க் காம்பைக் கிள்ளி, வெதுவெதுப்பான பாலில் போட்டு மூடினார். மறுநாள் தயிர் கட்டியாகத் தோய்ந்திருந்தது. அன்றைக்கு அவர் மீசைக்கு இருந்த தெம்பைச் சொல்லி மாளாது.

"மொளகாக் காம்புலயே தோச்சுட்டேன் டீச்சர். ஒருத்தரையும் கேக்கல."

மயிலாத்தாள் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். "அருமையா தோஞ்சிருக்குதுங்ணா. இதுல கொஞ்சம் உறைமோரா உங்க பக்கத்து ஊட்டுல குடுத்துட்டு வாங்க."

பக்கத்து வீடு பாப்பாத்தியுடையது. கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் மாமியாரும் கணவனுமாக இருக்கிறவள். அவர் வந்த புதிதில் ஒரு முறம் அவரைக்காயோடு வேலியருகே வந்து நின்றாள். "நமக்கு இருக்குதுங்" என்று அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அவள் வேலிப்பக்கம் வரவில்லை.

இப்போது சொம்போடு வந்து நின்ற சென்னியப்பனை அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்க, எதாச்சும் விசேசமா?"

"சும்மாதானுங். உறைமோர் வேணுமான்னு..."

"எங்களுக்கு இருக்குதுங்க."

அவருடைய வார்த்தையையே அவள் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. முகம் சுண்டிப்போய்க் கரட்டுக்குத் திரும்பினார்.

"வேண்டாமுன்னுட்டா டீச்சர்."

மயிலாத்தாள் மொத்தத் தயிரையும் தன் பழைய சோற்றில் கொட்டிப் பிசைந்தாள். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, சொம்பைக் கழுவி அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னொரு சொம்பு கொண்டாங்ணா. இந்தத் தடவ மொளகாக் காம்பு ஆகாது."

சென்னியப்பன் சொம்போடு இறங்கினார். கோபம்தான். ஒரு வருச உழைப்பையும் ஒரு கரண்டி மோரில் கொண்டுவந்து நிறுத்துகிறாளே என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். இன்று போகலாம், நாளை போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். சனிக்கிழமை பொழுது இறங்கிய பிறகு, வேறு வழியில்லாமல், கிண்ணத்தை வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டு பாப்பாத்தி வாசலில் போய் நின்றார்.

"அம்மிணி, கொஞ்சம் உறைமோர் வேணும்."

பாப்பாத்தி உள்ளே எரிகிற விளக்கைத் திரும்பிப் பார்த்தாள். "வெளக்கு வெச்சாச்சுங்களே..."

விளக்கு வைத்த பிறகு பாலும் மோரும் உப்பும் வாசலைத் தாண்டக் கூடாது, மகாலட்சுமி கூடவே போய்விடுவாள் என்று அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். சென்னியப்பனின் அம்மாவும் அதைக் கடைப்பிடித்தவள்தான். தனியாக இருந்து இருந்து அவருக்கு மறந்தே போயிருந்தது.

"அப்ப இல்லைங்கறீங்க" என்றார். குரல் கொஞ்சம் தடித்துவிட்டது. கிளம்பத் திரும்பினார்.

"அட, நில்லுங்க! குடுத்தனுப்பத்தான் கூடாது. உள்ள உக்காந்து குடிச்சா ஆகாதுன்னு யாரு சொன்னா? வாங்க."

பாப்பாத்தி பாயை விரித்துவிட்டாள். டீச்சர் சாளையைத் தவிர வேறு வீட்டில் உட்கார்ந்து அவருக்கு ஒரு வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது. இஞ்சி தட்டிப் போட்ட மோர். ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். நாளைக்குத் தைலாயி வருகிறாள் என்று தானாகவே சொன்னார். அவள் இருக்க மாட்டாளோ என்று பயமாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டார். அதை அவர் மயிலாத்தாளிடம்கூடச் சொன்னதில்லை.

"காத்தால நானே மோர் கொண்டாறேன். போங்க" என்றாள் பாப்பாத்தி.

தைலாயி சொன்னபடி வந்து இறங்கினாள். சென்னியப்பன் தொட்டியைக் காட்டினார், தகட்டைக் காட்டினார், அடுப்பைப் பற்ற வைத்துக் காட்டினார். எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அக்கா, வந்துட்டீங்களா? உங்கூட்டுக்காரரு உறைமோர் கேட்டாருங்க, கொண்டாந்திருக்கறேன்."

தைலாயி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றார் சென்னியப்பன்.

அவள் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு வேலிப்பக்கம் போனாள். மத்தியான பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனபோது இரண்டு பேரும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து சென்னியப்பன் தயிர்ச் சொம்போடு கரடேறினார். இந்த முறை முகத்தில் கொஞ்சம் குழப்பம் இருந்தது.

"தைலாயி இருக்கறாளுங் டீச்சர். சந்தோசந்தான். ஆனா எங்க முறம் பாப்பாத்தி ஊட்டுல கெடக்குது, அவங்க ஆட்டுக்கல்லு எங்க ஊட்டுல கெடக்குது. வேலியில ஆள் போக வழியே வெச்சுட்டாங்க. யாரையும் எதிர்பாக்காம இருக்கோணும்னுதானுங்க நான் அங்க குடி வந்தேன்?"

"எப்பங்ணா குடி வந்தீங்க?"

"போன ஐப்பசியிலீங். நல்ல நாள் பாத்து, பால் காய்ச்சித்தான் வந்தேன்."

"பால் காய்ச்சறப்ப யாரெல்லாம் இருந்தாங்க?"

சென்னியப்பன் யோசித்தார். "நான் இருந்தேன்."

மயிலாத்தாள் சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள்.

"ஐப்பசியில பால்தான் காய்ச்சியிருக்கீங்ணா. குடி வந்தது போன ஞாயித்துக்கிழமை."