தலைப்பை விடாத முப்பிடாதி

நத்தைமேடு எங்கே இருக்கிறது என்று கேட்டால், அந்த வழியாகப் போகிற பஸ்ஸின் கண்டக்டரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். ஆனால் அங்கே ஓர் இளைஞர் மன்றம் உண்டு. மன்றத்துக்குச் சொந்தமாக ஓடு வேய்ந்த ஓர் அறை, அறைக்குள்ளே ஒரு கேரம் போர்டு. அந்த மன்றத்தின் செயலாளர் எசக்கியப்பன். ஊரில் எதையும் தீர யோசித்துச் செய்கிறவன் என்று அவனைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தவனும் அவன்தான்.

அந்த வருசம் எசக்கியப்பனுக்குத் தூக்கம் கெட்டுப்போனது. ஊராட்சித் தலைவர் கோமதிநாயகம் ஒருநாள் மன்றத்து வாசலில் நின்று கறாராகச் சொல்லிவிட்டார்.

"மாவட்ட இளைஞர் மன்றப் போட்டிக்கு வருசா வருசம் போறீங்க, வெறுங்கையை வீசிக்கிட்டு வாறீங்க. இந்தத் தடவையும் ஒண்ணும் இல்லாம வந்தா, இந்த ரூமை சிமெண்டு மூட்டை போட்டு வைக்க எடுத்துக்கிடுவேன். ஆமா."

அவர் சொன்னதில் தப்பில்லை. முந்தின வருசம் மன்றத்தின் பேச்சாளன் முப்பிடாதி, மணி அடித்த பிறகும் நிறுத்தாமல் பேசியதால் கையைப் பிடித்து இறக்கி விடப்பட்டான். அதற்கும் முந்தின வருசம் இவர்கள் மண்டபம் மாறிப்போய், ஒரு கல்யாண வீட்டு மேடையில் ஏறிச் சிக்கனத்தைப் பற்றி ஆவேசமாகப் பேசி, பந்தியில் உட்கார்ந்து பாயசம்வரை சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார்கள். பெண் வீட்டார் இன்றைக்கும் அந்தப் பேச்சை மறக்கவில்லை.

"நாம தோக்கதுக்குக் காரணம் நம்ம திறமை இல்ல. விதிமுறையைப் படிக்காததுதான்," என்றான் எசக்கியப்பன். "இந்த வருசம் ஒரு எழுத்து பிசகக் கூடாது. தாள்ல என்ன போட்டிருக்கோ, அதை அப்படியே செய்யணும்."

கூட்டத்தில் மொத்தம் நாலே பேர். எசக்கியப்பன், பேச்சாளன் முப்பிடாதி, ஆடை அலங்காரப் போட்டியில் கலந்துகொள்ளப் போகிற அவனுடைய அக்கா பேச்சித்தாய், எதைக் கேட்டாலும் கண்ணை மூடி யோசித்துப் பதில் சொல்கிற பூதத்தான். நாலு பேரும் தாளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

எசக்கியப்பன் வாசித்தான். "பேச்சு, போட்டியாளரின் சொந்த நடையில் இருக்க வேண்டும்."

எல்லாரும் முப்பிடாதியின் காலைப் பார்த்தார்கள்.

"ஏலே, கொஞ்சம் நடந்து காட்டு," என்றான் பூதத்தான். முப்பிடாதி சுவருக்குச் சுவர் நடந்தான்.

பூதத்தான் தலையை ஆட்டினான். "இது இவன் சொந்த நடை இல்ல செயலாளரே. இவன் அப்பா நடை. இடது தோளை இறக்கிக்கிட்டு அவரும் இப்படித்தான் போவாரு."

"எங்கப்பா நடை எனக்குச் சொந்தம் இல்லையா?" என்று முப்பிடாதி வருத்தமாகக் கேட்டான்.

"அவரு இருக்க வரைக்கும் அவருக்குத்தான் சொந்தம். எழுதி வாங்கியிருக்கியா?"

எழுதி வாங்கவில்லை. ஆகவே முப்பிடாதிக்குப் புது நடை ஒன்று உண்டாக்க வேண்டியிருந்தது. மாடு, கோழி, தபால்காரர் எல்லாருடைய நடையையும் கழித்தபின், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நடை மிஞ்சியது. ரெண்டு அடி முன்னே, ஒரு அடி பக்கவாட்டில், நடுநடுவே ஒரு குந்தல். அப்படி நடந்துகொண்டே பேசப் பழகுவதற்குள் முப்பிடாதிக்கு மூட்டு வீங்கிவிட்டது.

அடுத்த விதி: "குரலில் ஏற்ற இறக்கம் வேண்டும்."

"ஏணி வேணும்," என்றான் பூதத்தான் உடனே. அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தென்னை மரத்துக்குப் போடும் மூங்கில் ஏணி முடிவாயிற்று.

"தலைப்பை விட்டு விலகக் கூடாது" என்ற விதி வந்தபோதுதான் கூட்டம் குழம்பியது. எசக்கியப்பன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தலைப்பு 'குளம் காப்போம்'னு போட்டிருக்கே. அப்ப குளத்தை விட்டு விலகாம, குளத்துக்குள்ள நின்னா பேசணும்?"

"குளம் காப்போம்ங்கிறது பேசுததுக்கு," என்றாள் பேச்சித்தாய். "தலைப்புன்னா சேலைத் தலைப்பு. எனக்குத் தெரிஞ்சு வேற தலைப்பு கிடையாது. அதைப் பிடிச்சுக்கிட்டு விடாம பேசணுமாம்."

"யாரு சேலை?"

"வேற எவ சேலையைப் போய்ப் பிடிப்பான்? என் சேலைதான். சின்னதுல சந்தைக்குப் போனா இதைப் பிடிச்சுக்கிட்டுத்தான வருவான். பழக்கமும் இருக்கு."

எசக்கியப்பனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பேச்சுப் போட்டியும் ஆடை அலங்காரப் போட்டியும் ஒரே மேடையில் ஏன் வைத்தார்கள் என்ற மர்மம் அவனுக்கு அந்தக் கணத்தில்தான் விளங்கியது.

கடைசியாக ஆடை அலங்கார விதி. "உடையில் நம் மண்ணின் மணம் கமழ வேண்டும்."

பேச்சித்தாய் போட்டிக்கென்றே எடுத்து வைத்திருந்த மாம்பழக் கலர் சேலையைக் கொண்டுவந்தாள். நாலு பேரும் முறை வைத்து முகர்ந்தார்கள். ஜவுளிக்கடை வாசம்தான் வந்தது.

"வயல் மண்ணா, குளத்து மண்ணா?" என்று எசக்கியப்பன் கேட்டான்.

"குளம் காக்கப் போற நாம, குளத்து மண்ணைத்தான் எடுக்கணும்," என்றான் பூதத்தான். "காஞ்ச மண்ணு கமழாது. குழைச்சு அப்பணும். போற வழியில தண்ணி தெளிச்சுக்கிட்டே போகணும்."

பேச்சித்தாய் சேலையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். இன்னும் மடிப்புக் கலையாத சேலை. அவள் கண் கலங்கியது. "ரூமுக்காகத்தான் செய்யுதேன்," என்று சொல்லிவிட்டுக் குளத்தைப் பார்த்து நடந்தாள்.

மீதி இருந்தது மணி. மணி அடித்ததும் நிறுத்த வேண்டும் என்று தாளில் இருந்தது. போன வருசத்து அவமானம் முப்பிடாதிக்கு நினைவிருந்ததால், இதில் அவன் உயிரைக் கொடுத்துப் பழகினான். ஐஸ் வண்டி மணி அடித்தாலும் நின்றான், கோயில் மணி அடித்தாலும் நின்றான். சோற்றை வாய்க்குக் கொண்டுபோகும்போது சைக்கிள் மணி கேட்டால் கை அந்தரத்திலேயே நின்றுவிடும். நின்றவனை மறுபடி எப்படிக் கிளப்புவது என்பதுதான் பெரிய பிரச்சினை.

"பள்ளிக்கூடத்துல என்ன செய்தாங்க?" என்றான் பூதத்தான் கண்ணை மூடிக்கொண்டு. "ஒரு மணி அடிச்சா வகுப்பு முடியும். அடுத்த மணி அடிச்சா வகுப்பு ஆரம்பிக்கும். அதே முறைதான்."

அந்த முறை நன்றாகவே வேலை செய்தது.

போட்டி நாள் வந்தது. ஈரச் சேற்றோடு பேச்சித்தாய் பஸ்ஸில் ஏறியதும் பாதிப் பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஏணியை ஜன்னல் வழியாக நீட்டியதும் மீதிப் பேரும் எழுந்துவிட்டார்கள். நத்தைமேட்டு மன்றத்துக்கு இவ்வளவு மரியாதை இருக்கிறது என்று எசக்கியப்பனுக்கு அதுவரை தெரியாது.

நடுவராக வந்திருந்தவர் திருச்சிற்றம்பலம் என்ற ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சாதுவான முகம். முன்னால் மேசைமேல் ஒரு பித்தளை மணி.

முப்பிடாதியின் பெயரைக் கூப்பிட்டார்கள். முதலில் ஏணியோடு பூதத்தான் மேடை ஏறினான். பிறகு சேறு சொட்டச் சொட்ட பேச்சித்தாய் வந்தாள். அவள் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குந்திக் குந்திப் பக்கவாட்டில் முப்பிடாதி வந்தான். மண்டபம் கப்பென்று அடங்கியது. முதல் வரிசையில் இருந்த எசக்கியப்பனுக்குப் பெருமையில் மூச்சு முட்டியது.

"யாரும்மா நீங்க?" என்று நடுவர் கேட்டார்.

"இவன் தலைப்பு, ஐயா," என்றாள் பேச்சித்தாய்.

நடுவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முப்பிடாதி தொடங்கினான். "அவையோரே! குளம் என்பது…" என்று சொல்லிக்கொண்டே, பூதத்தான் பிடித்திருந்த ஏணியில் ஏறினான். "…நம் உயிர்!" என்று உச்சியில் நின்று கத்தினான். "அதைக் காப்பது…" என்று இறங்கினான். தலைப்பு இழுபட, பேச்சித்தாய் ஏணியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் நத்தைமேட்டு மண் நடுவரின் வேட்டியில் போய் விழுந்தது.

சபையில் யாருடைய கைபேசியோ மணி அடித்தது. முப்பிடாதி ஏணியின் நடுவே வாய் திறந்தபடி நின்றுவிட்டான்.

"என்ன ஆச்சு? பேசுப்பா," என்றார் நடுவர்.

அவன் பேசவில்லை. கண்ணைக்கூட இமைக்கவில்லை. நடுவர் கொஞ்ச நேரம் பார்த்தார். சரி, பையன் மறந்துவிட்டான், பாவம், முடித்து வைப்போம் என்று தன் மணியை அடித்தார்.

"கரையிலே பனை வைப்போம்!" என்று முப்பிடாதி புறப்பட்டுவிட்டான்.

"முடிஞ்சுதுப்பா, இறங்கு!" என்று நடுவர் மறுபடி அடித்தார். நின்றான். அப்பாடா என்று கையை எடுத்தவர், அவன் இறங்காததைப் பார்த்து இன்னொரு தடவை அடித்தார். "கழிவைக் கொட்டாதே!" என்றான். பதறிப்போன நடுவர் மணியை எடுத்துத் தொடர்ந்து கிலுகிலு என்று ஆட்டினார். முப்பிடாதி, ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காத ரேடியோ மாதிரி, "கு… ளத்… தை… கா…" என்று வெட்டி வெட்டிப் பேசினான். ஏணியில் காலும் அதே கணக்கில் ஏறி இறங்கியது. சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது.

கடைசியில் யாரோ மணியைப் பிடுங்கி வைத்தார்கள். நல்ல வேளையாக, கடைசி மணி அவன் நிற்க வேண்டிய கணக்கில் விழுந்திருந்தது.

முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு எல்லாம் வேறு ஊர்களுக்குப் போயின. எசக்கியப்பனின் கண் முன்னால் மன்றத்து அறைக்குள் சிமெண்டு மூட்டைகள் அடுக்கடுக்காக ஏறின. ஆனால் சபை விடவில்லை. நத்தைமேட்டுக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று கூச்சல் போட்டது. நடுவர் சோர்ந்துபோய் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: "நத்தைமேடு இளைஞர் மன்றத்துக்கு ஆறுதல் பரிசு."

நாலு பேரும் மேடைப் படியருகே கூடினார்கள்.

"ஆறுதலா? நமக்கு எதுக்கு ஆறுதல்?" என்றான் முப்பிடாதி. "நாம நல்லாத்தான இருக்கோம்?"

"நல்லா இருக்கவனுக்கு யாரும் ஆறுதல் குடுக்க மாட்டாங்க," என்றான் பூதத்தான். "அழுதாத்தான் குடுப்பாங்க. சிரிச்சுக்கிட்டுப் போய் நின்னா, உனக்கு வேண்டாம் போலன்னு அடுத்த ஊருக்குக் குடுத்திருவாங்க."

எசக்கியப்பனுக்குத் திக்கென்றது. "அப்ப அழுங்கலே!"

அழுதார்கள். பேச்சித்தாய் சேலையை நினைத்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியே வைத்தாள். முப்பிடாதி ஏணியைக் கட்டிக்கொண்டு தேம்பினான். எசக்கியப்பன் நடுவரின் தோளில் சாய்ந்து குலுங்கினான். நடுவர் ஒரு கையில் கோப்பையும் ஒரு கையில் எசக்கியப்பனுமாக நின்று, "சரி சரி, போயிட்டு வாங்கப்பா, எல்லாம் சரியாயிரும்," என்று முதுகைத் தட்டிக் கொடுத்தார். அவர் கண்ணும் லேசாகக் கலங்கித்தான் இருந்தது.

ஊருக்கு வந்த கோப்பையைப் பார்த்த கோமதிநாயகம் உண்மையிலேயே அசந்துபோனார். "ரூம் உங்களுக்குத்தான். போங்க," என்று சொல்லிவிட்டு, "என்ன பரிசு?" என்று கேட்டார்.

"ஆறுதல், தலைவரே."

தலைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "ஆறுதலா? ஐயோ, யாருக்குலே என்ன ஆச்சு?"

எசக்கியப்பன் இதை யோசிக்கவே இல்லை. ஆறுதல் கொடுத்திருக்கிறார்கள் என்றால் துக்கம் ஒன்று இருந்தாக வேண்டும். அது எங்கே? மறுநாள் காலையில் மன்றத்து வாசலில் ஊரே கூடிவிட்டது. வந்த பெண்கள் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பாட்டம் அழுதார்கள். வீடு வீடாக விசாரித்ததில் எல்லா வீட்டிலும் எல்லாரும் சௌக்கியம். அது இன்னும் கவலையாக இருந்தது.

பூதத்தான் வெகுநேரம் கண்ணை மூடி இருந்தான். "துக்கம் இங்க இல்ல. குடுக்கும்போது அந்தப் பேராசிரியர் கண்ணு கலங்கியிருந்துச்சே, கவனிச்சீங்களா?"

"ஆமா!" என்றாள் பேச்சித்தாய். "வேட்டி கூட அழுக்கா இருந்துச்சு. மாத்தக்கூட மனசில்லாம இருந்திருக்காரு மனுசன்."

எசக்கியப்பன் கோப்பையைக் கையில் எடுத்துப் பார்த்தான். தன் வீட்டுத் துக்கத்தை வெளியே சொல்லாமல், அவருக்கு வந்திருந்த ஆறுதலை எடுத்து இவர்களிடம் அல்லவா கொடுத்து அனுப்பியிருக்கிறார்! அதை வைத்துக்கொள்வது பாவம். ஒரு குட்டியானை வண்டி பிடித்து, ரோஜாமாலையும் கோப்பையுமாக நத்தைமேடே நடுவர் வீட்டுக்குக் கிளம்பியது.

ஞாயிற்றுக்கிழமை. பேராசிரியர் திருச்சிற்றம்பலம் மாடி ஜன்னலில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வண்டியிலிருந்து முதலில் இறங்கிய முகத்தைப் பார்த்ததும் ஜன்னலைச் சாத்தினார், கதவைப் பூட்டினார்.

"பாவம், யாரையும் பார்க்கப் பிடிக்கல அவருக்கு," என்றாள் பேச்சித்தாய். வாசலிலேயே உட்கார்ந்து குரலெடுத்தாள். ஊர் சேர்ந்துகொண்டது. சத்தம் கேட்டுத் தெருக்காரர்கள் ஓடி வந்தார்கள். என்ன ஏது என்று கேட்காமலே ஒருவர் பந்தல்காரருக்குப் போன் செய்தார், இன்னொருவர் நாற்காலிகளை இறக்கிப் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் பேராசிரியருக்குத் தாங்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். பந்தலைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், அழுகிற கூட்டத்தைப் பார்த்தார். "யாருய்யா செத்தது?" என்று கேட்டார்.

எசக்கியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோமதிநாயகத்தின் காதருகே குனிந்தான்.

"பார்த்தீங்களா தலைவரே, பெரிய மனுசன்னா பெரிய மனுசன்தான். தன் வீட்டுல இம்புட்டு துக்கத்தை வச்சுக்கிட்டு, வெளிய வந்து நம்மகிட்ட துக்கம் விசாரிக்காரு!"

அதைக் கேட்டு நத்தைமேடு இன்னும் ஒரு பாட்டம் அழுதது.