மருக்கொழுந்து வயித்துத் தவளை

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, மலைங்களுக்கெல்லாம் காலு மொளச்சு ஒரு இடத்துல உக்காராம அலைஞ்ச காலத்துல, பரபரப்பூர்னு ஒரு ராஜ்ஜியம் இருந்துச்சு. அந்த ஊருக்கு ஒரு வழக்கம். கோபுரத்து மேல நிக்கிற பாராக்காரன் "ஓடு!"ன்னு கத்துனா ஊரே ஓடணும். ஏன், எதுக்குன்னு கேக்கக் கூடாது. கேட்டா பாராக்காரனை அவமானப்படுத்துன மாதிரி. அதனால அங்க புலி வந்தாலும் ஓடுவாங்க, புளியோதரை வாசம் வந்தாலும் ஓடுவாங்க. எதுக்கு ஓடுறோம்னு தெரியாமலே பாதி ஊரு ஒல்லியாயிருச்சு.

அந்த ஊர்ல மருக்கொழுந்துன்னு ஒரு பொண்ணு. அவளுக்கு இருக்கிற ஒரே சொந்தம் அண்ணன் செவத்தையன். பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவன். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் அப்படி இப்படி.

ஒருநாள் மந்திரவாதி கரடிமுகன், மருந்து காய்ச்சுற தன்னோட அண்டாவைத் தூக்கிட்டு வந்தான். செவத்தையன் அதை வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, "சாமி, இது அண்டா இல்ல, சல்லடை. இதுல மருந்து காய்ச்சாதீங்க, மாவு சலிங்க"ன்னான். சந்தையே சிரிச்சிருச்சு. கரடிமுகனுக்கு மூக்கு செவந்துச்சு.

"அப்ப நீயே எனக்கு அண்டாவா வாடா!"ன்னு மந்திரக்கோலை ஒரு சுத்து சுத்துனான். அண்ணன் அண்டாவாயிட்டான். "நாளைக்குப் பொழுது சாயுறப்ப இவனை அடுப்புல ஏத்துவேன். அடியில நெருப்பு பட்டுருச்சுன்னா அப்புறம் எவன் வந்தாலும் மனுசனாக்க முடியாது"ன்னுட்டு, அண்டாவைத் தலையில கவுத்துக்கிட்டு மலையைப் பாத்துப் போயிட்டான்.

மருக்கொழுந்து பின்னாடியே ஓடுனா. தொண்டை வறண்டுபோச்சு. வழியில ஒரு அல்லிக்குளம். ரெண்டு கையாலயும் அள்ளி மடமடன்னு குடிச்சா. தண்ணியோட ஒரு தலைப்பிரட்டையும் உள்ள போயிருச்சு. அவ ஏப்பம் விட்டு முடிக்கிறதுக்குள்ள அது வளந்து தவளையாகி, வயித்துல தொபுக்குனு குதிச்சுச்சு.

"ஓடு புள்ள ஓடு! ஓடு புள்ள ஓடு!"

"யாரு அது?"

"உன் வயிறுதான் பேசுது. அங்க பாரு, பாலத்துல பூதம்!"

பனைமரம் ஒசரத்துக்கு ஒரு பூதம், ரெண்டு காலையும் அகட்டி நின்னுச்சு. மருக்கொழுந்து திரும்பிப் பாக்காம ஓடுனா. வீட்டுக்குப் போயி கதவைத் தாப்பா போட்டுட்டுத்தான் மூச்சு விட்டா. விட்ட பிறகு பாத்தா, அண்ணன் வழக்கமா உக்காந்து வாயடிக்கிற இடம் காலியா கெடந்துச்சு. அவளால சோறு திங்க முடியல, உக்கார முடியல, படுக்க முடியல. வீட்டுக்குள்ளயே செக்கு மாடு மாதிரி சுத்துனா.

விடிஞ்சதும் கெளம்பிட்டா. "இனிமே உன் பேச்சைக் கேட்டா நான் மருக்கொழுந்தே இல்ல"ன்னு வயித்தைத் தட்டிச் சொன்னா.

பாலம் வந்துச்சு. "ஓடு புள்ள ஓடு! ஓடு புள்ள ஓடு!"

"வாயை மூடு!" கண்ணை இறுக்கிக்கிட்டு பூதத்தோட கவட்டைக்குள்ள நொழைஞ்சு நடந்தா. தோள்ல என்னமோ குத்துச்சு. தொட்டுப் பாத்தா வைக்கோலு. பூதம் மொத்தமும் வைக்கோலு!

அவ்வளவுதான், நம்மாளுக்குத் தலைகால் புரியல. அடுத்தாப்ல ஒரு பச்சைப் புல்வெளி வந்துச்சு. தவளை தொபுக்கு தொபுக்குனு குதிச்சுச்சு. "ஓடு புள்ள ஓடு!"

"போடா சொட்டைத்தலையா! நீ வைக்கோலுக்கே பயந்தவன்தான?"ன்னு கைவீசி நடந்தா. பொதக்! முழங்கால். பொதக்! இடுப்பு. புல்லுக்கு அடியில எல்லாம் சேறு. ஒரு நாணல் புதரைப் புடிச்சுத் தவழ்ந்து கரையேறுறதுக்குள்ள சூரியன் தலைக்கு மேல ஏறி அந்தப் பக்கம் சரிய ஆரம்பிச்சிருச்சு.

சேத்தைச் சுத்திக்கிட்டுப் போயி குகை வாசலுக்கு வந்தா. உள்ள அடுப்பு. பக்கத்துல அண்ணன், அதாவது அண்டா. பாயில கரடிமுகன் கொறட்டை விட்டுத் தூங்குறான்.

"ஓடு புள்ள ஓடு! ஓடு புள்ள ஓடு!"

மருக்கொழுந்து ஒரு காலை உள்ள வச்சா. நின்னா. வெளிய எடுத்தா. மறுபடி வச்சா. முதல்ல இது பேச்சைக் கேட்டு ஓடுனேன், தப்பு. அப்புறம் கேக்காம நடந்தேன், அதுவும் தப்பு. இப்ப என்னதான் பண்றது? வயித்துக்கிட்டக் குனிஞ்சு மெதுவாக் கேட்டா, "ஓடுறதெல்லாம் இருக்கட்டும். நீ என்னத்தைப் பாத்த?"

தவளை குதிக்கிறதை நிறுத்திருச்சு. "என்ன கேட்ட?"

"என்ன பாத்தன்னு கேட்டேன்."

"இத்தனை வருசத்துல ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்ல புள்ள"ன்னுச்சு தவளை. "நான் உன் கண்ணு வழியாத்தான் பாக்குறேன். அவன் கால் கட்டைவிரலைப் பாரு, ஆடுது. தூங்குறவனுக்கு விரல் தாளம் போடுமா? கோலு வேற கையில இறுக்கமா இருக்கு."

ஆமா, ஆடுது. மருக்கொழுந்து சத்தமில்லாம பின்வாங்கி, பாறைக்குப் பின்னாடி ஒளிஞ்சா.

ஓடுறதைவிட இது கொடுமை. வெயிலு மஞ்சளாச்சு. நகத்தைக் கடிச்சா, பாவாடை நுனியைக் கடிச்சா, கடிக்க வேற ஒண்ணும் கெடைக்கல. வெயிலு செவப்பாச்சு. உள்ள கரடிமுகன் தூங்குற மாதிரி நடிச்சு, நடிச்சு, நடிச்சு, நெசமாவே அசந்துட்டான். வாயில எச்சி ஒழுகுச்சு. கோலு உருண்டு தரையில விழுந்துச்சு.

"ஓடு புள்ள ஓடு!"

"இப்ப என்ன பாத்த?"

தவளை அசடு வழிஞ்சுச்சு. "ஒண்ணும் பாக்கல. சும்மா பழக்கதோசம்."

"அப்ப நீ பாட்டுக்குக் கத்திக்கிட்டே வா"ன்னுட்டு உள்ள பாஞ்சா. கோலை எடுத்து முழங்கால்ல வச்சு ஒரே ஒடி!

மந்திரமெல்லாம் பொலபொலன்னு உதிந்துச்சு. அண்டா கொட்டாவி விட்டு செவத்தையனா எந்திரிச்சுச்சு. மருக்கொழுந்து விக்குனா, வாயிலேர்ந்து தவளை துள்ளி விழுந்து, மீசை வச்ச ஒரு ஆளா நிமிந்துச்சு. கரடிமுகனைப் பாத்து "ஓடு!"ன்னு கத்துனதுக்காகத் தலைப்பிரட்டையாகி குளத்துல கெடந்த பழைய பாராக்காரன், சன்னாசி! கரடிமுகன் திடுக்குனு முழிச்சான். கோலு ரெண்டு துண்டு. சன்னாசி அடிவயித்துலேர்ந்து, "ஓடுடா ஓடு!"ன்னான். ஓடுனவன்தான், இன்னும் எங்கயும் நின்னதாத் தகவல் இல்ல.

ராஜா விருந்து வச்சு, "பொண்ணே, என் மகனையே உனக்குக் கட்டி வைக்கிறேன்"னாரு. சபையே கை தட்டுச்சு. மருக்கொழுந்துக்கு வயித்துல தொபுக்குனுச்சு. தவளைதான் போயிருச்சே? போயிருச்சு. ஆனாலும் குதிச்சுச்சு. அவ நிதானமா இளவரசனைப் பாத்தா. அவன் விசிறி வீசுறவரோட காலை மிதிச்சு, "வேகமா வீசுய்யா"ன்னுக்கிட்டு இருந்தான்.

"மாப்பிள்ளை வேணாங்க மகராசா"ன்னா.

செவத்தையன் காதுல கிசுகிசுத்தான். "ஏய், அரண்மனைடி! பயந்துட்டியா?"

"பயந்தேன். பாத்தேன். அதான் வேணாங்கிறேன். நீ பாயசத்தைக் குடிண்ணே."

அதுக்குப் பதிலா அவ ஒரே ஒரு வரம் கேட்டா. ராஜாவும் குடுத்தாரு. அன்னையிலேர்ந்து அந்த ஊர்ல, மறுபடி கோபுரமேறுன பாராக்காரன் சன்னாசி "ஓடு!"ன்னு கத்துனா, ஒருத்தர் கீழேர்ந்து "சன்னாசியண்ணே, என்ன பாத்தீங்க?"ன்னு கேப்பாங்க. பாதி நாள் அவரு மேலேர்ந்து வெக்கப்பட்டுச் சிரிப்பாரு, ஊரு உக்காந்து சாப்பிடும். மீதி நாள் ஊரு நல்லா ஓடும். அண்ணனும் தங்கச்சியும் சொகமா இருந்தாங்க, ஊருக்கு சதை புடிச்சுச்சு, கேட்ட நீங்களும் நல்லா இருங்க.