துடைப்பம் பிடித்த தங்கையும் பூசணிக்கொடி அக்காவும்

மலைகளெல்லாம் இன்னும் குழந்தைகளாகத் தவழ்ந்துகொண்டிருந்த வெகு வெகு காலத்துக்கு முன்னால், செவ்வந்திநாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு ராஜாவின் தோட்டம் பளிங்குமாயன் என்ற மந்திரவாதியின் பொறுப்பில் இருந்தது. அங்கே எறும்பு ஊராது, ஈ பறக்காது, இலை உதிராது. பூவும் மந்திரத்தால் பூக்கும், காயும் மந்திரத்தால் காய்க்கும். வாயில் போட்டால் சவசவ என்று இருக்கும். ஆனால் யார் சொல்வது? ராஜா "ஆஹா" என்றால் மந்திரி "ஓஹோ" என்பார்.

வடிவு என்ற ஊர்ப்பெண் சொன்னாள். தோட்டம் பார்க்க ஊர் ஜனங்களை உள்ளே விட்ட நாளில், எல்லார் முன்னாலும் சொன்னாள். "ஒரு தும்பி இல்ல, ஒரு வண்டு இல்ல. இது தோட்டமா, பாத்திரக் கடையா?"

பளிங்குமாயனின் மீசை துடித்தது. "கொடியாய்ப் போ!" என்றான். தோட்டத்தில் நின்றவள் அங்கே இல்லை. அவள் வீட்டுக் கொல்லையில் ஒரு பூசணிக்கொடி முளைத்திருந்தது.

மனதில் பட்டதைச் சொன்ன ஒரே காரணத்துக்காக ஒரு பெண்ணைக் கொடியாக்குவதா? இது என்ன நியாயம்? வடிவின் தங்கை அஞ்சுகம் இதையேதான் மந்திரவாதியிடம் போய்க் கேட்டாள். காலையில் கேட்டாள், மதியம் கேட்டாள், சாயங்காலமும் கேட்டாள். தாய் தகப்பன் இல்லாத அவளுக்கு அக்காவை விட்டால் யாரும் கிடையாது. சண்டை போடுவதில் அவளை விட்டால் ஊரில் ஆளும் கிடையாது.

"சரி சரி, நிறுத்து!" என்று காதைப் பொத்தினான் பளிங்குமாயன். "அந்தக் கொடியில் ஒரே ஒரு காய் முற்றினால் உன் அக்கா மனுஷியாவாள். காய்க்காமல் கொடி காய்ந்தால் அவ்வளவுதான். நான் ஒன்றும் கல்நெஞ்சன் இல்லை. இந்தா, மாயத் துடைப்பம். தினமும் கூட்டிச் சுத்தமாக வை. சுத்தமான கொல்லையில்தான் காய் பிடிக்கும்."

எதிரி எதற்கு உதவி செய்கிறான்? அஞ்சுகத்துக்குக் குழப்பமாகத்தான் இருந்தது. ஆனால் கொல்லையைக் கூட்டுவதில் என்ன தப்பு இருக்க முடியும்? வாங்கிக்கொண்டு வந்தாள்.

விடிந்ததும் கூட்டினாள். சருகை வழித்தாள், புல்லைப் பிடுங்கினாள், தரையைப் பளபளவென்று ஆக்கினாள். அவள் துடைப்பத்தை எடுத்தாலே கொடியின் சுருள் ஒன்று நீண்டு வந்து அதன் பிடியை இறுக்கிக்கொள்ளும்.

"பாரேன், அக்காவே கூட்டச் சொல்றா!" என்று இன்னும் பலமாகக் கூட்டினாள்.

முதலில் ஒரு தேரை வந்தது. உடம்பெல்லாம் சொரசொர. "இடம் கொடு தாயி, உதவி எடு. ஓட்டைச் சட்டி ஒண்ணைக் கவுத்து வச்சாப் போதும்."

"உன் மூஞ்சிக்கு உதவி வேறயா?" என்றாள் அஞ்சுகம். துடைப்பம் ஒரு வீசு வீசியது. தேரை ஏழு மலை தாண்டிப் போய் விழுந்தது.

அடுத்து ஒரு குளவி வந்தது. இடுப்பு நூல் மாதிரி, கொடுக்கு ஊசி மாதிரி. "இடம் கொடு தாயி, உதவி எடு. ஒரு பிடி ஈரமண் போதும்."

"கொட்டறதுக்கு முன்னால மரியாதை வேறயா?" துடைப்பம் வீசியது. குளவியும் ஏழு மலை தாண்டிப் போனது.

மூன்றாவதாக, முதுகெல்லாம் முள்ளும் கறுப்பும் சிவப்புமாக ஒரு பூச்சி இலை மேல் ஊர்ந்து வந்தது. "இடம் கொடு தாயி, உதவி எடு. நான் பொறிவண்டோட பிள்ளை."

"பொய் சொல்லாத! பொறிவண்டு குங்குமச் சிமிழ் மாதிரி அழகா இருக்கும். நீ முதலைக்குட்டி மாதிரி இருக்க."

"சின்ன வயசுல நீ மட்டும் ரொம்ப அழகோ?" என்று அது கேட்பதற்குள் துடைப்பம் வீசிவிட்டது.

கொல்லை கண்ணாடி மாதிரி ஆனது. கொடியோ நாளுக்கு நாள் வாடியது. இலைக்கு அடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது, மேலே புழு அரித்தது. பூ பூத்தது, பூவின் அடியில் பிஞ்சும் நின்றது. ஆனால் ஒவ்வொரு பிஞ்சும் மஞ்சளாகி, வெம்பி, உதிர்ந்தது. கூட்டக் கூட்ட வாடுகிறதே! அப்படியானால் இன்னும் கூட்ட வேண்டுமோ? அஞ்சுகத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஒரு நாள் கை ஓய்ந்துபோய் உட்கார்ந்தாள். அப்போதுதான் பார்த்தாள். கொடி பந்தலைப் பிடித்து ஏறவே இல்லை. தரையோடு தரையாக வேலிப் படலை நோக்கி ஊர்ந்திருந்தது. அந்த மூன்றும் தூக்கி எறியப்பட்ட திசைக்கே அதன் நுனிகள் எல்லாம் நீண்டிருந்தன.

அவள் கொடியருகே குனிந்தாள். "அக்கா… கூட்டச் சொல்லியா பிடிச்சு இழுத்த?"

ஓர் இலையும் அசையவில்லை.

"கூட்டாதன்னு சொல்லியா?"

காற்றே இல்லை. ஆனால் கொடியின் அத்தனை இலையும் தலையாட்டின.

ஊரோடு சண்டை போட்டவள், மந்திரவாதியோடு சண்டை போட்டவள், அக்காவிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளே எல்லாம் புரிந்துகொண்டாள், தப்பாக! அஞ்சுகம் தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு துடைப்பத்தை அடுப்பில் போட்டாள்.

ஓட்டைச் சட்டியை நிழலில் கவிழ்த்தாள். ஒரு மூலையில் மண்ணைக் குழைத்து வைத்தாள். சருகை அள்ளி வந்து கொடிக்கு அடியில் பரப்பினாள். கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீர் ஊற்றினாள். மழை பெய்து தும்பையும் துளசியும் முளைத்தபோது பிடுங்காமல் விட்டாள். பிறகு படலருகே நின்று, "தெரியாம செஞ்சிட்டேன், வாங்க! கோவிச்சுக்காம வாங்க! எல்லாரும் வாங்க!" என்று கூப்பிட்டாள்.

தேரை தத்தித் தத்தி வந்தது. "ஏழு மலை தாயி, ஏழு மலை! என் முட்டியைப் பாரு!" என்று முனகிக்கொண்டே சட்டிக்குள் புகுந்தது. குளவி வந்து புழுக்களைத் தூக்கிப் போனது. முள்முதுகுப் பூச்சி அசுவினியைச் சோறு மாதிரி அள்ளித் தின்றது. கொடி துளிர்த்தது. தும்பைப் பூவுக்குத் தேனீக்களும் வரத் தொடங்கின. ஆனால் பருவம் முடியப்போகிறது. கொடியில் அடியில் பிஞ்சு வைத்த ஒரே ஒரு மொட்டுதான் மிச்சம்.

அது விரிந்த காலையில் பளிங்குமாயன் வந்து நின்றான். "என்ன இது குப்பைக்காடு? துடைப்பம் எங்கே?"

பூசணிப்பூ வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். அதற்குள் மகரந்தம் சுமந்த தேனீ ஒன்று உள்ளே போனால்தான் பிஞ்சு நிற்கும். அதுவரை இவன் கொடிப் பக்கம் திரும்பக் கூடாது. அஞ்சுகம் இடுப்பில் கை வைத்தாள். "அது கிடக்கட்டும். பெரியவரே, குப்பைன்னா என்ன?"

"வேண்டாதது குப்பை."

"யாருக்கு வேண்டாதது?"

"எனக்கு!"

"சட்டிக்குள்ள இருக்கிற தேரைக்கு நீங்க வேண்டாதவர். அப்ப நீங்க குப்பையா?"

"நான் மந்திரவாதி!"

"மந்திரவாதி குப்பையா இருக்கக் கூடாதுன்னு ஏதாவது சட்டமா?"

அவனை எதிர்த்து இப்படி யாரும் பேசியதில்லை. விடுவானா? தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தே விட்டான். சுத்தம் என்றால் எது, அழகு என்றால் எது, தோட்டம் யாருக்கு என்று வாதம் நீண்டது. அவளுக்குப் பின்னால் ஏதோ ரீங்கரித்தது. திரும்பினால் அவனும் பார்ப்பான். அவள் திரும்பவில்லை. வெயில் ஏறியது, பூ மூடியது.

பளிங்குமாயன் பூவைப் பார்த்துச் சிரித்தான். "என் துடைப்பம் வீசிய இடத்துக்கு எந்தப் பூச்சி வரும்? முடிந்தது போ!" என்று நடையைக் கட்டினான்.

தேனீ அந்தப் பூவுக்குள் போனதா, பக்கத்துத் தும்பைக்குப் போனதா? அஞ்சுகத்துக்குத் தெரியாது. மறுநாள் பிஞ்சு பச்சையா மஞ்சளா என்றே புரியவில்லை. இந்தப் பக்கம் பார்த்தால் பச்சை, அந்தப் பக்கம் பார்த்தால் மஞ்சள். "நீங்க சொல்லுங்களேன்!" என்று தேரையைக் கேட்டாள். "எனக்கு எல்லாமே பழுப்பாத்தான் தெரியும் தாயி" என்றது அது.

பிஞ்சு எலுமிச்சை ஆனது. எலுமிச்சை தேங்காய் ஆனது. தேங்காய் குடம் ஆனது. காம்பு காய்ந்து முற்றிய அன்று பூசணி படீரென்று பிளந்தது. தலையெல்லாம் விதையும் நாருமாக வடிவு எழுந்து நின்றாள். ஒரு மாயம் தோற்றால் எல்லாம் தோற்கும் என்பது மந்திரவாதிகளின் விதி; அதே நொடியில் பளிங்குமாயனின் மாயமெல்லாம் உடைந்தது. துரத்தப்பட்ட எறும்பும் ஈயும் வண்டும் ஒன்றாகத் திரும்பி ராஜாவின் தோட்டத்துக்குள் நுழைய, அவன் உடம்பைச் சொறிந்துகொண்டே எல்லை தாண்டி ஓடினான். அடுத்த பருவத்தில் ராஜா ஒரு கத்தரிக்காயைத் தின்றுவிட்டு, "காய்க்கு இவ்வளவு ருசி உண்டா!" என்று அழுதாராம்.

அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டார்கள். பிறகு உடைந்த பூசணியைப் பார்த்தார்கள்.

"கூட்டு வைக்கலாமாக்கா?"

"அடியே, அது நான்டி!"

"நீதான் வெளிய வந்துட்டியே. இது வெறும் பூசணி."

"அப்ப இவ்வளவு நாள் உள்ளே இருந்தது யாரு?"

அவர்கள் வாதாடி முடிப்பதற்குள் அணிலும் மைனாவும் வண்டுகளும் பூசணியைத் தின்று தீர்த்துவிட்டன. அவர்கள் பட்டினியோடு சிரித்தார்கள். கேட்ட நீங்களாவது சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.