மோதிர விரலில் நின்ற தாளம்

அவசரக்காரர்கள் இந்தக் கதையைப் பாதி கேட்டதுமே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே ஒரு வேண்டுகோள்: நான் கேட்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். இதில் கெட்டவர் ஒருவரும் இல்லை. சிக்கலே அதுதான்.

தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகும் சாலையில் தவசிமுத்து என்றொரு வியாபாரி இருந்தார். மாடி வீடு. கீழ்த்தளத்தை உப்பளத் தொழிலாளர்களின் பிள்ளைகள் இலவசமாகப் பாட்டுப் படிக்க விட்டிருந்தார். வாடகை வாங்கியதில்லை. அமலி டீச்சர் வாய்ப்பாட்டும், கோமதிநாயகம் வாத்தியார் மிருதங்கமும் சொல்லிக்கொடுத்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளைகள் சரளி வரிசை பாடத் தொடங்கினால்தான் அந்தத் தெருவில் உலை வைப்பார்கள், கடைக்காரர் விளக்குப் போடுவார். தவசிமுத்துவுக்கு ஒரு வரி பாட வராது. மாடியில் கட்டிலில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவதோடு சரி.

அந்த வீட்டுச் சுவரை ஒட்டி இசக்கியம்மாளின் ஓட்டு வீடு. உப்பு அள்ளப் போகிறவள். அவள் மகள் மாரிச்செல்வி அந்தப் பள்ளியில் நன்றாகப் பாடிய பெண். மூளைக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கண் மட்டும்தான் திறந்திருந்தது. பெற்றவளையே தெரியவில்லை. சுவரோரம் பாயில் கிடத்தினார்கள். அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் பாடத் தொடங்கியதும் அவளுடைய வலது கை அசைந்தது. பாயில் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அப்புறம் இரண்டு முறை தட்டித் திருப்பல். ஆதி தாளம். பாட்டு நின்றதும் கையும் நின்றது. மகள் இன்னும் உள்ளே இருக்கிறாள் என்பதற்கு இசக்கியம்மாளிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான். ஒரு நாள்கூடப் பாட்டை நிறுத்த மாட்டோம் என்று அமலி டீச்சர் அவளுக்கு வாக்குக் கொடுத்தார்.

அடுத்த மாதமே தவசிமுத்துவுக்குத் தலையில் கட்டி என்று தெரிந்தது. கை மீறிவிட்டது என்று டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாப்பாட்டுத் தட்டு விழுகிற சத்தம் கேட்டாலே தலையைப் பிடித்துக்கொண்டு புரளுவார். டீச்சரை மாடிக்கு வரவழைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"தாயி, நான் கண்ண மூடுற வரைக்கும் கீழ பாட்டு வேண்டாம். தாங்க முடியல. அப்புறம் எப்பவும்போலப் பாடுங்க."

வீட்டைக் கொடுத்தவர் கேட்ட முதல் உதவி. டீச்சர் சரி என்றார், அன்றோடு பாட்டு நின்றது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் விரலைப் பற்றிச் சாகக் கிடக்கிறவரிடம் எப்படிச் சொல்வது என்று, சொல்லாமலே இறங்கி வந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் பதிந்து அந்தப் பெண்ணின் காதில் வைக்கலாமே என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. வைத்தார்கள். உடம்பு முறுக்கிக்கொண்டு வலிப்பு வந்துவிட்டது. வேறு இடத்துக்குத் தூக்கிப்போயும் பாடிப் பார்த்தார்கள். அந்தச் சுவர் இல்லாத இடத்தில் கை அசையவில்லை. சில நாளில் அவள் கஞ்சி விழுங்குவதையும் விட்டுவிட்டாள்.

கோமதிநாயகத்துக்குப் பொறுக்கவில்லை. "போற உசுருக்காக இருக்கிற உசுர விடச் சொல்லுதீங்களா, டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துப் பாடச் சொன்னார். மெதுவாகத்தான் பாடினார்கள். பக்கத்து வீட்டில் விரல் அசைந்தது. மாடியில் தவசிமுத்து அலறினார். பிள்ளைகள் அழுதுகொண்டே பாடினார்கள்.

ஓடிவந்து நிறுத்தியவள் இசக்கியம்மாள். மாடிப்படிக்குக் கீழே நின்று, மேலே கேட்கும்படியாகவே சொன்னாள்.

"போதும், நிறுத்துங்க. எம்பிள்ள வெரலு அசையணும்னு பெரியவர இப்படிக் கத்த வைக்கலாமா? எனக்கு அந்தப் பாட்டு வேண்டாம்."

பாட்டு நின்றது. அவள் வீட்டுக்குப் போய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இனி அந்தக் கை அசையாது என்று தெரிந்துதான் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து சுவர் தட்டும் சத்தம் கேட்டது. எட்டெட்டாக, ஒவ்வொரு எட்டிலும் முதல் தட்டு மட்டும் அழுத்தமாக. இத்தனை நாளும் எல்லாரும் பாட்டையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாடத் தெரியாத மனிதருக்குத் தாளம் ஞாபகம் வந்திருக்கிறது. சத்தமே ஆகாத தலையோடு, பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினார். மாரிச்செல்வியின் கை அசைந்தது. மறுநாளும் ஆறு மணிக்குத் தட்டினார், அதற்கு மறுநாளும். அவளுக்குக் கஞ்சி இறங்கியது.

ஒரு சாயங்காலம் அந்தத் தட்டல் பாதியில் நின்றது. மாரிச்செல்வியின் மோதிர விரல் பாயில் ஊன்றியது ஊன்றியபடியே நின்றது. பெரியவர் போய்விட்டார் என்பது அந்தத் தெருவில் முதலில் இசக்கியம்மாளுக்குத்தான் தெரிந்தது. மகளை அப்படியே விட்டுவிட்டு அவள் மாடிக்கு ஓடினாள். அந்த வீட்டில் எழுந்த முதல் அழுகை அவளுடையது.

இப்போது வாயைத் திறக்கலாம். பெரியவருக்குக் கொடுத்த வாக்கைக் காக்கப் பாட்டை நிறுத்திய அமலி டீச்சர், அந்த வாக்கை மீறிப் பாடவைத்த கோமதிநாயகம், பெற்ற மகளின் பாட்டைத் தானே வந்து நிறுத்திய இசக்கியம்மாள். இதில் யார் செய்தது சரி?

விடை: இசக்கியம்மாள். டீச்சர் காத்த வாக்குக்கு இன்னொருத்தி பெற்ற பிள்ளைதான் பட்டினி கிடந்தது. வாத்தியாரின் இரக்கத்துக்கு வலி தாங்கியதோ தவசிமுத்து. தன்னுடையதை எடுத்துக் கொடுத்தவள் இவள் ஒருத்திதான். டீச்சர் மறைத்ததைச் சொன்னவளும் இவள்தான். அது காதில் விழுந்த பிறகுதானே பெரியவரால் எதையாவது கொடுக்க முடிந்தது? அவரை எடுத்துச் சென்ற மறுநாள் சாயங்காலம் அவருடைய மகனே பள்ளிக் கதவைத் திறந்துவிட்டார். டீச்சர் மாரிச்செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் முதல் தட்டிலிருந்து பாடத் தொடங்கினார்கள். உடனே டீச்சர் சுவரைத் தட்டி அவர்களை நிறுத்தினார். அந்தப் பெண் தொடக்கத்துக்குத் திரும்பவில்லை, பெரியவர் விட்ட இடத்திலிருந்து, மோதிர விரலுக்கு அடுத்த நடு விரலை ஊன்றியிருந்தாள். பிள்ளைகள் நாலாவது எண்ணிக்கையிலிருந்து மறுபடியும் பாடினார்கள்.